மணியில் இருந்த கை

பெப்ரவரி பதினைந்து, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஏழு பாகை. காலையில் தொடங்கிய பனி இன்னும் விடவில்லை. கார் தரிப்பிடத்தில் கோடுகள் மறைந்துபோக, ஆளுக்கொரு திசையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். எப்படி வெளியே எடுக்கப்போகிறோம் என்ற கவலை எனக்குக் காலையிலேயே தொடங்கிவிட்டது. உள்ளே, ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில், பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தி ஒலிவாங்கியின் முன்னால் பேச்சை நிறுத்திவிட்டு நின்றாள். நான் நேரக்கணிப்பாளர் மேசையில் இருந்தேன். இடது கையில் நிறுத்தற் கடிகாரம். வலது கை மணியில்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் பேச்சும் விவாதமும் சொல்லிக்கொடுக்க இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடத்திட்டம் பற்றி நான் எழுதவில்லை. அது உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பதைவிடப் புதியது. நான் பத்தொன்பது வருடம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன். அந்தப் பிள்ளை நின்ற நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும், அப்போது பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்புகளில் விவாதம் நடக்கும் விதத்தை வெளியாள் ஒருவருக்குச் சொன்னால் நம்பமாட்டார். பேச்சை எழுதுவது ஆசிரியர். தொடக்க உரை மட்டுமல்ல, மறுப்புரையையும் அவரே எழுதுவார். எதிரணி என்ன சொல்லப்போகிறது என்பது முதலே தெரியும். மற்றப் பள்ளி ஆசிரியரும் எங்களைப் போலத்தான் எழுதுவார். பிள்ளைகளில் பாதிப்பேர் அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்குவார்கள். காரில் பின் சீற்றில் இருந்து சொல்லிப் பார்ப்பார்கள். தாய்மாருக்கும் பாடமாகிவிடும்.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "எதிரணித் தோழி சற்றுமுன் கைத்தொலைபேசியே சகல தீமைக்கும் காரணம் என்றார்" என்று முழங்கினான். எதிரணிப் பிள்ளை இருந்த இடத்தில் இருந்தே, "நான் அதைச் சொல்லேல்லை அண்ணா. மறந்துபோனன்" என்றாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர்களும் சிரித்தோம். அடுத்த வருடமும் அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

இது சரியில்லை என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் உண்டு. என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த ரீச்சர். பெயரைப் போட்டால் கோபிப்பார். நான் வந்த முதல் மாதமே என் எழுத்துப் பிரதிகளைப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், பிள்ளையளுக்கு வசனம் குடுக்காதேங்கோ. கேள்வியைக் குடுங்கோ. தடுமாறுங்கள்தான். தடுமாறட்டும்" என்றார்.

"தடுமாறினா தாய்தகப்பன் என்னையெல்லோ கேப்பினம்?"

"கேட்டா என்னட்டை அனுப்புங்கோ."

நான் ஒருவரையும் அவரிடம் அனுப்பவில்லை. அதற்குத் தேவை வரவில்லை. என் பிள்ளைகள் தடுமாறாமல் பார்த்துக்கொண்டேன். ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். விடை தெரியாமல் மாணவனைக் கரும்பலகைக்கு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வருடத் தலைப்பு இது: முதுமையில் வாழச் சிறந்த இடம் பிள்ளைகளின் வீடா, முதியோர் இல்லமா? புதிய தலைப்பு அல்ல. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். எங்கள் அணிக்கு வீடு விழுந்தது. எனக்கு நிம்மதி. வீட்டுப் பக்கத்துக்கு என்னிடம் ஒரு வசனம் இருந்தது: "பெற்றவரை வெளியே அனுப்பும் வீட்டில் விளக்கு எரிந்தென்ன, அணைந்தென்ன!" ஆறு போட்டிகளில் ஆறு பிள்ளைகள் அதைச் சொன்னார்கள். ஆறு முறையும் கைதட்டல் விழுந்தது. முன்வரிசையில் இருப்பவர்கள் பிள்ளை "பெற்றவரை" என்று தொடங்கும்போதே கையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இந்த முறை அந்த வசனத்தை இரண்டாவது பேச்சாளருக்குக் கொடுத்தேன். அவள்தான் மிதுஷா.

மிதுஷா மில்லிக்கனில் இருந்து வருபவள். கனடாவில் பிறந்தவள், ஆனால் தமிழ் தெளிவாக வரும். சொல் கிடைக்காதபோது ஆங்கிலத்தை எடுத்துப் போட்டுப் பேசிக்கொண்டே போவாள். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், வகுப்பு முடிந்து எல்லோரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்தாள்.

"சேர், எனக்கு மற்ற சைட் தாங்கோவன்."

"மற்றப் பக்கம் வேற பள்ளிக்கூடம் பிள்ளை. எங்களுக்கு வீடுதான்."

"அப்ப வேற ஸ்பீச் தாங்கோ."

"ஏன்? பாடமாக்கப் பஞ்சியோ, அலுப்போ?"

"இல்ல. சும்மா."

"பெயரெல்லாம் அனுப்பியாச்சு. இனி மாத்தேலாது."

"ஓகே சேர்."

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், நான் ஏன் என்று கேட்டது ஒரே ஒருமுறை. அதற்கும் பதிலை நானே சொல்லிவிட்டேன்.

போட்டி விதி சுருக்கமானது. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். மூன்று முடிந்ததும் மணி. இடையில் இருபது விநாடி பேச்சு நின்றாலும் மணி. பிள்ளை போய் இருக்கவேண்டும். இந்த இருபது விநாடி விதியைக் கூட்டத்தில் முன்மொழிந்தவன் நான். வசனத்தை மறந்த பிள்ளையை மேடையில் நிற்கவைத்து அழவிடுவது வதை என்று வாதாடினேன். அது இன்றைக்கும் சரிதான். எதையும் எண்ணுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தபடியால், வருடாவருடம் மணியையும் என்னிடமே தந்தார்கள். என் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியில் இருக்கிறார்களே என்று ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. ஒரு விநாடிகூட யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மிதுஷா ஒரு நிமிடம் ஐந்து விநாடி நன்றாகப் பேசினாள். நடுவர்களுக்கு வணக்கம், தாயின் கைச்சோறு, தந்தையின் வியர்வை, எல்லாம் எழுதியபடியே வந்தது. பிறகு "பெற்றவரை" என்றாள். நின்றுவிட்டாள். முன்வரிசையில் கைகள் தயாராக இருந்தன.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து. பத்து.

முன்வரிசையில் மதி அன்ரி இருந்தார். எங்கள் அணியின் மூன்றாவது பேச்சாளருடைய தாய். மகனுடைய பேச்சு மட்டுமல்ல, அணி முழுவதன் பேச்சும் அவருக்குப் பாடம். வாயில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, ஆனால் மண்டபத்தின் பின்சுவர்வரை கேட்கும்படி, "பெற்றவரை வெளியே அனுப்பும் வீட்டில்…" என்று எடுத்துக் கொடுத்தார்.

மிதுஷா அவரைப் பார்த்தாள். "தெரியும் அன்ரி. எனக்குப் பாடம். நான் சொல்லேல்ல."

சபை சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவள் மறுபடி பேசாமல் நின்றாள்.

அவள் மதி அன்ரிக்குச் சொன்னது பேச்சில் சேராது. விதி அப்படி. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது. என் விரல் மணியின் குமிழில் இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். வசனத்தை மறந்த பிள்ளையின் கண் மேலே போகும். கூரையில் தேடும். அல்லது ஆசிரியரிடம் ஓடிவரும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். மிதுஷாவின் கண் கூரைக்கும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. மூன்றாவது வரிசையில் போய் நின்றது. அங்கே அவளுடைய தகப்பன் குணா இருந்தார். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்பவர். வேலைக்குப் போடும், ஒளி பட்டால் மினுங்கும் அந்த ஜக்கெற்றைக் கழற்றாமலே வந்திருந்தார். தலையைக் குனிந்து தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவள் மறக்கவில்லை, எதையோ தீர்மானிக்கிறாள் என்பது தெரிந்தது. மணி மறந்த பிள்ளைக்காகச் செய்த ஏற்பாடு. யோசிக்கிற பிள்ளைக்கு அல்ல. விரலை எடுத்தேன். இருபது போனது. இருபத்தைந்து. மற்றப் பள்ளி ஆசிரியர் தன் கைத்தொலைபேசியை என் பக்கம் உயர்த்திக் காட்டினார். அவரும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது.

முப்பத்துநாலாவது விநாடியில் அவள் பேசினாள்.

"நடுவர் அவர்களே, நான் வீடு எண்ட பக்கம்தான். மாறேல்ல. வீடுதான் நல்லது. ஆனா வீட்டில ஆள் இருக்கோணும். எங்கட அப்பப்பாக்கு இப்ப ஞாபகம் இல்ல. போன மாசம் சப்பாத்து இல்லாம ஸ்டீல்ஸ் ரோட்டுக்குப் போயிட்டார். ஒரு பஸ் ட்ரைவர்தான் பாத்துக் கோல் பண்ணினவர். அப்பா நைட் வேர்க். காலமை வந்து நித்திரை கொள்ளாம அப்பப்பாவோட இருக்கிறார். அம்மா வேலையால வர பின்னேரம் ஆயிடும், இண்டைக்கு மட்டும் லீவு போட்டவ. திரும்ப ராவைக்கு அப்பா ஹைவேல ட்ரைவ் பண்ணோணும். ஹி இஸ் சோ டயர்ட். காலமை கராஜ் திறக்கிற சத்தம் கேக்குமட்டும் நான் முழிச்சிருப்பன்."

மூச்சு எடுத்தாள்.

"அப்பா ஹோமுக்குப் பேர் குடுத்திட்டார். லிஸ்ட்ல நிக்கிறம். எப்ப இடம் வரும் எண்டு தெரியாது. அதுமட்டும் சனிக்கிழமைகளில நான் அப்பப்பாவோட இருக்கப் போறன், இஞ்ச வரமாட்டன். நீங்கள் எல்லாரும் வீடுதான் நல்லம் எண்டு கை தட்டுவீங்கள். வெரி குட். அப்ப ஒராள் கிழமையில ஒரு நாள் வந்து ரெண்டு மணித்தியாலம் இருந்தாக் காணும். அஞ்சு பேர் வந்தா அப்பா அஞ்சு நாள் நித்திரை கொள்ளுவார். அப்ப நான் சொன்னது சரி, வீடுதான் வின். ஒருத்தரும் வராட்டி மற்ற சைட் வின். ஆர் வாறீங்கள்?"

நான் எழுதிக் கொடுத்த எந்தப் பேச்சிலும் இப்படி ஒரு வாதம் இருந்ததில்லை. ஒரு பக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பைச் சபையின் மடியிலேயே வைத்துவிட்டாள்.

ஒரு கையும் எழவில்லை. நூற்றைம்பது பேர்வரை இருந்திருப்பார்கள். சிலர் குணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மணியில் இருந்தது. மூன்று நிமிடம் ஆனது. அடித்தேன். அந்தச் சத்தம் அவளுக்கு நாங்கள் எல்லோரும் சொன்ன பதில் மாதிரிக் கேட்டது.

அடுத்து எதிரணிப் பையன் எழுந்தான். "எதிரணித் தோழி விளக்கு என்றார்" என்று தொடங்கி நிறுத்தினான். "இல்ல, அவ விளக்கெண்டு சொல்லேல்ல" என்றான். தன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் பனி கொட்டும் யன்னலைப் பார்த்தார்.

இடைவேளையில் அந்த ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். "முப்பத்துநாலு விநாடி, மாஸ்ரர். உங்கட பிள்ளை எண்டோ மணி அடிக்கேல்ல?"

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்டதில் பிழை இல்லை. தலைமை நடுவரிடம் போனோம். தலைமை நடுவர் வேறு யாருமல்ல, கேள்வியைக் குடுங்கோ என்று சொன்ன அதே ரீச்சர். இப்போது எண்பதை நெருங்கிவிட்டார்.

"ஏன் அடிக்கேல்லை?" என்று கேட்டார்.

"பிள்ளை மறக்கேல்லை, ரீச்சர். யோசிச்சது."

"விதியில அப்பிடி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப புள்ளியை வெட்டுறன்." வெட்டினார். எங்கள் அணி இரண்டு புள்ளியால் தோற்றது. தாளை மடித்து வைத்துக்கொண்டு, "அந்த முப்பத்துநாலு விநாடியும் நல்லாத்தான் இருந்தது" என்றார். அவ்வளவுதான்.

வகுப்பை நடத்துபவர் இரண்டையும் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மணியை அடிக்காமல் விட்டதற்கு நான் வருந்தவில்லை. புள்ளியை வெட்டியதற்கும் வருந்தவில்லை. விதியை மீறினால் அதன் விலையையும் வாங்கிக்கொள்ளவேண்டும். மிதுஷாவிடம் சொன்னபோது அவள் தோளைக் குலுக்கி, "இட்ஸ் ஃபைன் சேர்" என்றாள். அவளுக்கு அப்போது பயமெல்லாம் தகப்பனைப் பற்றித்தான்.

குணா கார் தரிப்பிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் நின்றார். பனியைச் சுரண்டும் கோல் கையில் இருந்தது. என் காரின் முன்கண்ணாடியைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் கோபம் இருந்தது. பிள்ளையை முதலே காருக்குள் இருத்திவிட்டார்.

"மாஸ்ரர், என்ர வீட்டுக் கதை மண்டபம் முழுக்கப் போச்சு."

"ஓம்."

"நாங்கள் ஒருத்தரிட்டையும் பிச்சை கேக்கேல்லை. எங்கட வீட்டை நாங்கள் பாப்பம். அவளுக்கு ஆர் உதைச் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் எழுதிக் குடுத்தது வேற. அது இதைவிட மோசம்." அந்த வசனத்தைச் சொன்னேன். அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"உதையோ அவள் சொல்லாமல் விட்டவள்?"

"உங்களைப் பாத்திட்டுத்தான் விட்டவள். முப்பத்துநாலு விநாடி பாத்தவள்."

பனி எங்கள் இருவர் தொப்பியிலும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கால்விரல்கள் விறைத்துவிட்டன. இதற்கு மேல் நின்றால் தடிமன் காய்ச்சல் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"உங்கட அப்பாவுக்குக் காட்ஸ் விளையாடத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாறன். ரெண்டு மணித்தியாலம் சும்மா இருக்க எனக்கு ஏலாது."

"வேண்டாம், மாஸ்ரர்."

"நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ. நான் உங்களோட கதைக்க வரேல்லை."

கோலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, "முந்நூற்றிநாலு விளையாடுவார்" என்றார். "ஞாபகம் போனாலும் அது போகேல்லை. ஆனா அலாப்பி, கள்ளத்தனமா விளையாடுவார். சொல்லிப்போட்டன்."

காருக்குள் மிதுஷா கண்ணாடியில் மூக்கை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை யூனியன்வில்லில் உள்ள என் வீட்டில் இருந்து பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முந்தியே போய்விட்டேன். கதவைத் திறந்த குணா, நான் கொண்டுபோன கோப்பியை வாங்கி வைத்துவிட்டு நேரே மேலே போனார். சிறிது நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. பெரியவரும் நானும் காட்ஸைப் பிரித்தோம். முந்நூற்றிநாலு இரண்டு பேருக்குச் சரிவராத விளையாட்டு. ஆனாலும் விளையாடினோம். விதிகளை அவர் ஒவ்வொரு கைக்கும் மாற்றினார். நான் யார் என்று ஐந்து முறை கேட்டார். துரும்புச் சீட்டு என்ன என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

மறுநாள் இரவு மதி அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மாஸ்ரர், நீங்கள் செவ்வாய் போறீங்களாம். அண்டைக்கு என்ர கை எழும்பேல்லை. வெக்கமாப் போச்சு. இண்டைக்குப் போயிட்டு வந்தன். இனிப் புதன் என்ர."

"பேச்சு எடுத்துக் குடுத்தனீங்களோ?"

"போங்கோ மாஸ்ரர்!"

மார்ச் நடுப்பகுதிக்குள் திங்கள், வியாழன், வெள்ளிக்கும் ஆள் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்கு வந்தவர் மற்றப் பள்ளி ஆசிரியர், எனக்கு எதிராக முறையிட்டவர். போட்டிக்குப் பிந்திய முதல் சனிக்கிழமை மட்டும் மிதுஷா வகுப்புக்கு வரவில்லை. அடுத்த சனி, பெரியவரையும் காரில் இருத்திக்கொண்டு, குணாவே கொண்டுவந்து இறக்கினார். பகலில் நித்திரை கொண்டவருடைய முகம் எப்படி மாறும் என்பதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மே தொடக்கத்தில் முதியோர் இல்லத்தில் பெரியவருக்கு இடம் வந்தது. குணா கொண்டுபோய் விட்டார். அப்படியானால் விவாதத்தில் வென்றது யார் என்று மிதுஷாவிடம் கேட்டேன். "ட்ரோ, சேர்" என்றாள்.

அந்தப் போட்டிக்குப் பிறகு நான் ஒரு பிள்ளைக்கும் பேச்சு எழுதிக் கொடுக்கவில்லை. தலைப்பைக் கேள்வியாகப் பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் இருந்தேன். பிள்ளைகள் தடுமாறினார்கள். பேச்சு நடுவில் ஆங்கிலத்தில் விழுந்து, எழும்பி, திரும்பத் தமிழுக்கு வந்தது. முன்பு எங்கள் அலுமாரிக்கு வந்த கிண்ணங்கள் வேறு அலுமாரிகளுக்குப் போயின. நான்கு பெற்றார் முறைப்பாடு செய்தார்கள். நால்வரையும் ரீச்சரிடம் அனுப்பினேன். ஜூனில் ஓய்வு பெற்றேன். பத்தொன்பது வருடத்தில் அந்த நான்கு மாதம்தான் நான் உண்மையில் விவாதம் படிப்பித்தேன் என்று சில நாட்களில் தோன்றும். இப்போதும் சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்குப் பையைத் தேடி எழும்புகிறேன்.

ஒரு பிள்ளை உங்கள் மேசைக்கு வந்து பக்கத்தை மாற்றித் தரும்படி கேட்டால், ஏன் என்று இரண்டாம் முறையும் கேளுங்கள். சும்மா என்று சொன்னால் அப்படியே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மேடையில் பேச்சு நின்றால், மணியைத் தொடுமுன் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் என்னால் முடிக்க இயலாது. பதினொரு செவ்வாய்க்கிழமை. பெற்றோல் முப்பத்துமூன்று டொலர். இரண்டு கோப்பி வீதம் நாற்பத்தைந்து டொலர் பத்துச் சதம். பெரியவர் தானாகக் கழற்ற முடியாதபடி கட்டும் ஒரு சோடிப் பனிச் சப்பாத்து, வரியோடு நாற்பத்தைந்து டொலர் பத்தொன்பது சதம். முந்நூற்றிநாலில் தோற்றது பதினைந்து டொலர் இருபத்தைந்து சதம். அலாப்பினார் என்று சந்தேகம் உண்டு, நிரூபிக்க வழியில்லை. மொத்தம் நூற்றுமுப்பத்தெட்டு டொலர் ஐம்பத்துநாலு சதம்.